பயிற்சிதானே என்று சொல்லாதிருங்கள்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் என் மனைவியையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஸ்டாக் கார்களின் பயிற்சி ஓட்டத்தைக் காணச் சென்றேன். அதை அறிந்த சபையாரில் சிலர் உங்கள் மன வருத்தத்தை என்னிடம் தெரிவித்தீர்கள். போதகர் செல்லத்தக்க இடமா அது என்பது ஒருவருடைய கேள்வி. உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டைப் பிள்ளைகளின் கண்களுக்குக் காட்டலாமா என்பது மற்றொருவருடைய கேள்வி. இரண்டும் அன்பினால் எழுந்தவை என்று அறிவேன். ஆகவே இவ்வாரத் தியானத்தை அவற்றுக்கு மறுமொழியாக எழுதுகிறேன். முதற்கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்வேன். இரண்டாவது கேள்வி நம் வீட்டு வாசல்வரை வந்து நிற்பதால் அதை விரிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பந்தயக் களம் என்றவுடன் மதுவும் கூச்சலும் நம் மனக்கண்முன் வருகின்றன. பந்தய இரவுகளில் பீர் விற்பனை உண்டு. அதை நான் மறைக்கப்போவதில்லை. நாங்கள் சென்றது பயிற்சி வேளைக்கு. பார்வையாளர் படிகளில் எங்களைத் தவிர ஓட்டுநர்களின் தாய்மாரும் மனைவிமாரும் குழந்தைகளுமே அமர்ந்திருந்தனர். பாட்டியம்மா ஒருவர் கம்பளி நூலால் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபையாருக்கு ஓட்டப்பந்தயத்தை உவமையாகக் காட்டி எழுதினார் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். கொரிந்துக்கு அருகே இஸ்த்மியா என்னுமிடத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடந்துவந்தது. அவருடைய வாசகர் யாவரும் அறிந்த காட்சி அது. அதே பகுதியில் குத்துச்சண்டையைக் குறிக்குமிடத்தில் நம் தமிழ் வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் சிலம்பம் என்ற சொல்லை இட்டிருப்பது எனக்கு எந்நாளும் மகிழ்ச்சி தருவது. போதகர் விளையாட்டுக் களத்தைப் பார்க்கலாகாது என்றால் அந்த அதிகாரத்தை நான் எப்படிப் பிரசங்கிப்பது?

ஸ்டாக் கார் என்றால் என்ன என்று கேட்கும் மூத்தோருக்காகச் சில சொற்கள். ஆங்கிலத்தில் ஸ்டாக் என்பது விற்பனைக்கு வைத்திருக்கும் இருப்புச் சரக்கு. கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரணக் காரையே பந்தயத்தில் ஓட்டியதால் இப்பெயர் வந்தது. இன்று ஓடும் கார்களுக்கு வெளித்தோற்றம் மட்டுமே அப்படி. உள்ளே யாவும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவை. இவ்விளையாட்டின் வேர்களில் ஒன்று நாம் குடியிருக்கும் இதே வட கரோலைனாவின் மலைப்பகுதிகளில் இருக்கிறது. கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் வரி அதிகாரிகளுக்குத் தப்பியோடத் தங்கள் கார்களின் இயந்திரங்களை வலுப்படுத்தினார்கள். அவர்களுள் சிலர் பின்னர் பந்தய வீரர்களானார்கள். 1948ஆம் ஆண்டு ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரை நகரில் நாஸ்கார் அமைப்பு உருவாயிற்று. நமக்கு வடமேற்கேயுள்ள ஹிக்கரி களம் 1951இலும், கான்கார்டில் உள்ள ஒன்றரை மைல் சுற்றளவுள்ள சார்லட் பெருங்களம் 1960இலும் திறக்கப்பட்டன. மூர்ஸ்வில் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்கள் அன்றாடம் பந்தய அணிகளின் பட்டறைகளைக் கடந்தே பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றன. நம்மைச் சூழ்ந்திருக்கும் மக்கள் எதைக் கண்டு மகிழ்கிறார்கள், எதற்காகக் கண்ணீர் விடுகிறார்கள் என்பதை அறியாமல் நாம் இங்கே எத்தனை ஆண்டுகள்தான் அந்நியராக இருப்பது?

நாங்கள் சென்றது பெருங்களத்துக்கன்று. உள்ளூர்க்காரர்கள் வார இறுதிகளில் ஓட்டும் சிறுகளங்களில் ஒன்று அது. பகலில் மின்பணியாளராகவோ பால்பண்ணைக்காரராகவோ இருப்பவர் சனிக்கிழமை பந்தய வீரராகிறார். நம் சபையின் தம்பி ஒருவர் அத்தகைய ஓர் அணியில் டயர் வேலைக்கு உதவி செய்கிறார். "ஐயா, பந்தயத்தைவிடப் பயிற்சியைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது புரியும்" என்று அவரே எங்களை அழைத்தார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பந்தயத்தில் இருபது கார்கள் ஒன்றையொன்று துரத்தும்போது நமக்குத் தெரிவது இரைச்சலும் நிறங்களும் மட்டுமே. பயிற்சியில் ஒரே கார் ஐந்தாறு சுற்றுகள் ஓடிவிட்டுத் திரும்பி வரும். அதைச் சுற்றி நால்வர் குனிந்து நிற்பார்கள். ஏதோ ஒன்றைத் திருப்புவார்கள். மறுபடியும் அது ஓடும்.

திரும்பி வந்த காரின் டயர்களில் ஊசிபோன்ற வெப்பமானியைக் குத்திப் பார்க்கிறார்கள். உள்ளோரம், நடு, வெளியோரம் என ஒவ்வொரு டயரிலும் மூன்று இடங்கள். நடுப்பகுதி மட்டும் அதிகச் சூடாயிருந்தால் காற்று மிகுதி. ஓரங்கள் சூடாயிருந்தால் காற்றுக் குறைவு. ஓட்டுநர் இரண்டே சொற்களில் தன் நிலையைச் சொல்கிறார். "டைட்" என்றால் ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் காரின் முகம் திரும்பாமல் வெளிச்சுவரை நோக்கிப் போகிறது. "லூஸ்" என்றால் பின்பாகம் வழுக்கி வெளியே வீசுகிறது. அதைக் கேட்டவுடன் ஒருவர் பின்கண்ணாடியில் உள்ள துளை வழியாக நீண்ட ஸ்பேனரை நுழைத்து அரைச்சுற்றுத் திருப்புகிறார். அந்த அரைச்சுற்றில் சக்கரங்களின்மேல் விழும் பாரம் மாறிவிடுகிறது. வலப்புறப் பின்சக்கரம் இடப்புறத்தைவிடச் சற்றே பெரியது என்பதைக் கேட்டு என் மகன் நம்ப மறுத்தான். தம்பி ஒரு காகிதக் குவளையைத் தரையில் படுக்க வைத்து உருட்டிக் காட்டினார். வாய் அகன்றும் அடி சிறுத்தும் இருப்பதால் குவளை தானாகவே வட்டமடித்துத் திரும்பியது. இடப்புறம் மட்டுமே திரும்பவேண்டிய காருக்கும் அதே சூத்திரம்தான். வீடு திரும்பியபின் எங்கள் சமையலறைத் தரையில் மூன்று நாட்கள் குவளைகள் உருண்டன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

என்னை அசைத்தது வேறொன்று. ஓட்டுநர் காரில் ஏறும் முறையைக் கவனித்தேன். கதவு இல்லை, சன்னல் வழியாகவே நுழைகிறார். தீப்பற்றாத உடை, கையுறை, தலைக்கவசம். தோளிலும் இடுப்பிலும் தொடைகளுக்கு இடையிலும் வரும் வார்கள் எல்லாம் நடுவே ஒரே பூட்டில் இணைகின்றன. கழுத்தைச் சுற்றித் தோள்களின்மேல் கருநிறப் பட்டை ஒன்று அமர்கிறது. அதன் இருபுற நாடாக்கள் தலைக்கவசத்தில் பூட்டப்படுகின்றன. இறுதியாகச் சன்னலில் ஒரு வலையை இழுத்து மாட்டுகிறார்கள். இவ்வளவும் முடிய ஐந்து நிமிடங்களுக்குமேல் ஆகின்றன. அதன்பின் அவர் ஓட்டப்போவதோ ஆறு சுற்றுகள். இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். திரும்பி வந்து இறங்கி, மறுபடி ஏறும்போது மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பூட்டுகிறார்கள்.

ஒன்பது வயதான என் மகள் கேட்டாள்: "அண்ணா, இது ரேஸ் இல்லையே? பிராக்டிஸ்தானே? இதற்கு எதற்கு இவ்வளவு?"

டயரைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி தலை நிமிராமலே சொன்னார்: "சுவருக்கு அது தெரியாது, பாப்பா."

சற்று நேரம் கழித்து மூன்றாவது வளைவில் ஒரு கார் வழுக்கிச் சுழன்று, சுவரில் உரசி நின்றது. பெரிய மோதல் அன்று. ஆயினும் எங்களுக்கு இரு வரிசை முன்னால் இருந்த பெண்மணி எழுந்து நின்றார். எவரும் பேசவில்லை. அந்தக் காரின் சன்னல் வலை கீழே இறங்கிற்று. உடனே அவர் உட்கார்ந்துகொண்டார். மோதியபின் ஓட்டுநர் தானே வலையை இறக்கினால் நான் நலமாயிருக்கிறேன் என்பது பொருள் என்று பின்னர் அறிந்தோம். வலை இறங்காவிட்டால் மீட்புப் பணியாளர் ஓடுவார்கள். அந்தப் பெண்மணி அந்த வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை சனிக்கிழமைகளாகப் பார்த்திருப்பாரோ!

தம்பி சொன்ன மறுமொழியின் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. அதை நீங்கள் அறியவேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் மாநிலத்தின் பெட்டி குடும்பம் இவ்விளையாட்டில் அரச குடும்பம் போன்றது. லீ பெட்டி 1959இல் நடந்த முதலாவது டேட்டோனா 500 பந்தயத்தை வென்றவர். அவருடைய மகன் ரிச்சர்ட் பெட்டி 200 பந்தயங்களை வென்று ஏழுமுறை பட்டம் சூடியவர். அவருடைய மகன் கைல். கைலின் மகன் ஆடம். நான்காம் தலைமுறையாகக் களமிறங்கிய ஆடமுக்கு 19 வயது. 2000ஆம் ஆண்டு மே 12 அன்று நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தின் லௌடன் களத்தில் மூன்றாவது வளைவில் அவருடைய கார் நேரே சென்று சுவரில் மோதிற்று. அவ்விடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டிருக்கலாம் என்று கருதினார்கள். எட்டு வாரங்கள் கழிந்தன. ஜூலை 7 அன்று அதே களத்தில், அதே வளைவில், கென்னி இர்வின் என்னும் 30 வயது இளைஞர் அதே விதமாக மரித்தார். இவ்விருவரும் மரித்தது பந்தயத்தில் அன்று. பயிற்சியில். பார்வையாளர் கூட்டம் இல்லாத, பரிசு இல்லாத, கணக்கில் சேராத சுற்றுகளில்.

அதே ஆண்டு அக்டோபரில் டெக்சாஸில் டோனி ரோப்பர் மரித்தார். அடுத்த ஆண்டு 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஏழுமுறை பட்டம் வென்ற டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி மரித்தார். இவர் நமக்கு அருகிலுள்ள கன்னாபொலிஸ் ஊர்க்காரர்; இவருடைய தந்தை ரால்ஃப், ஹிக்கரி களத்தில் பட்டம் வென்றவர். மரண காரணம் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு. கார் சட்டென்று நிற்கும்போது வார்கள் உடலைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிப்பற்ற தலையோ முன்னோக்கி வீசப்படுகிறது. கழுத்து அந்த விசையைத் தாங்குவதில்லை.

இதில் மனத்தை வருத்துவது என்னவென்றால், இதைத் தடுக்கும் கருவி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே செய்யப்பட்டிருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும், 1981இல் தங்கள் நண்பர் ஒருவர் விபத்தில் மாண்டபின் அதைச் செய்யத் தொடங்கினார்கள். நான் மேலே சொன்ன, தோள்களின்மேல் அமரும் பட்டைதான் அது. ஹான்ஸ் என்பது அதன் பெயர். ஆனால் ஓட்டுநர்களில் மிகச் சிலரே அதை வாங்கினார்கள். உறுத்துகிறது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, காரிலிருந்து விரைவாக வெளியேற இயலாது என்று பலரும் சொன்னார்கள். எர்ன்ஹார்ட்டும் அதை விரும்பாதவர்.

அவருடைய காரில் வேறொன்று இருந்தது. சக ஓட்டுநர் டாரல் வால்ட்ரிப்பின் மனைவி ஸ்டீவி அம்மையார், ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு வேதவசனத்தைச் சிறு தாளில் எழுதி எர்ன்ஹார்ட்டுக்குக் கொடுப்பது வழக்கம்; அவர் அதைத் தம் காரினுள் ஒட்டிக்கொள்வார். அன்றைய வசனம் நீதிமொழிகள் 18:10. கர்த்தருடைய நாமத்தை நீதிமானுக்கு அரணாகக் காட்டும் வசனம்.

அன்பானவர்களே, இங்கே நிதானமாக நில்லுங்கள். அந்த வசனம் பொய்த்துப்போயிற்றா என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நான் அப்படி எண்ணவில்லை. அந்தத் தாள் ஓர் ஆத்துமாவின்மேல் கொண்ட அக்கறையால் எழுதப்பட்டது; அது தாயத்தாக எழுதப்பட்டதன்று. ஆண்டவரிடத்தில் அடைக்கலம் புகுகிறவன் மரிப்பதேயில்லை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஸ்தேவான் கல்லெறியுண்டு மரித்தார். ஆனாலும் அவருடைய அடைக்கலம் பொய்யாகவில்லை. தோள்பட்டையில் ஒரு கருவியை அணிவதற்கும் அந்த வசனத்தைக் காரில் ஒட்டுவதற்கும் எந்த முரண்பாடும் இல்லை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பவும் முடியாது. வசனத்தை ஒட்டிய கையே வாரையும் பூட்டலாம்.

எர்ன்ஹார்ட்டின் மரணத்துக்குப்பின் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் அந்தக் கருவியைத் தாமாகவே அணியத் தொடங்கினார்கள். சிலர் அப்போதும் மறுத்தார்கள். அக்டோபர் 4 அன்று சார்லட் களத்தில் பிளேஸ் அலெக்சாண்டர் அதேபோன்ற காயத்தால் மரித்தார். அந்த மாதமே நாஸ்கார் தன் மூன்று தேசியத் தொடர்களிலும் தலைக்கும் கழுத்துக்குமான காப்பைக் கட்டாயமாக்கியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் என்பவருடைய குழுவினர் உருவாக்கிய சேஃபர் என்னும் சுவர் 2002இல் இண்டியானாபொலிஸில் முதலில் அமைக்கப்பட்டது. கான்கிரீட்டுக்கு முன்னால் எஃகுக் குழாய்களை நிறுத்தி, இடையில் நுரைக்கட்டிகளை வைத்து, மோதலின் விசையைச் சுவரே வாங்கிக்கொள்ளும்படி செய்த அமைப்பு அது. அன்றுமுதல் நான் இதை எழுதும் நாள்வரை அந்த மூன்று தொடர்களின் பந்தயங்களிலும் பயிற்சிகளிலும் விபத்தில் ஓட்டுநர் எவரும் மரிக்கவில்லை. கார்களின் வேகம் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. எங்கள் ஊர்ச் சிறுகளங்களின் நிலை வேறு. அந்தச் சுவருக்கு ஆகும் செலவை அவற்றால் எளிதில் தாங்க முடியாது என்பதால் அங்கே இன்னும் பெரும்பாலும் வெறுங் கான்கிரீட்டே நிற்கிறது. எனவேதான் அங்குள்ளோர் வார்களைப் பூட்டுவதில் அவ்வளவு கண்டிப்பாயிருக்கிறார்கள் போலும்.

சன்னல் வலைக்கும் ஒரு கதை உண்டு. 1970இல் டார்லிங்டன் களத்தில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டபோது அவருடைய கை சன்னலுக்கு வெளியே தொங்கியது; அவர் பிழைத்தார், வலை கட்டாயமாயிற்று. வெடிக்காத எரிபொருள் பைக்குப் பின்னால் 1964இல் சார்லட்டில் தீக்காயமுற்று, ஐந்து வாரங்களுக்குமேல் துன்புற்று மரித்த ஃபயர்பால் ராபர்ட்ஸ் இருக்கிறார். எரியும் காரிலிருந்து அவரை வெளியே இழுத்தவர் நெட் ஜாரெட் என்னும் சக ஓட்டுநர். ஸ்டீரிங்கில் கட்டைவிரலுக்கு எட்டும் இயந்திர நிறுத்தப் பொத்தானுக்குப் பின்னால் ஆடமும் கென்னியும் இருக்கிறார்கள். ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் பூட்டிக்கொள்ளும் பொருட்கள் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய பிள்ளையின் பெயர் இருக்கிறது என்று என் மனைவி அன்றிரவு சொன்னாள்.

இப்போது நம்மிடம் வருகிறேன்.

தமிழில் "தானே" என்று ஒரு சிறு சொல் உண்டு. பக்கத்துக் கடைக்குத்தானே. இரண்டு மைல்தானே. ஆலயத்துக்குத்தானே. குழந்தை அழுகிறது, சற்று நேரம் மடியில்தானே. இந்தச் சொல்லை நம் வாகன நிறுத்துமிடத்தில் ஞாயிறுதோறும் கேட்கிறேன். ஆராதனை முடிந்து ஒருவருடைய வீட்டில் மதிய உணவுக்குப் போகும்போது, ஐந்துபேர் அமரும் காரில் எட்டுப்பேர் ஏறுகிறோம். மூன்று வயதுக் குழந்தை பாட்டியின் மடியில் அமர்கிறது. குழந்தை இருக்கையோ பைகளுக்கு இடம்விட்டுப் பின்பெட்டிக்குள் போகிறது. எட்டு வயதுக்கும் 80 பவுண்டு எடைக்கும் உட்பட்ட பிள்ளையைத் தகுந்த குழந்தை இருக்கையில் அமர்த்தவேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். அச்சட்டம் நம் யாவருக்கும் தெரியும். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம். ஞாயிறு மதியத்துக்கு விதிவிலக்கு எடுத்துக்கொள்கிறோம்.

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் நிலைமை இன்னும் மோசம். இங்கே பிள்ளையை ஐந்து வார்களில் பூட்டுகிற தகப்பனார், திருநெல்வேலியில் இறங்கிய மறுநாளே அதே பிள்ளையை மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டிமேல் உட்காரவைத்து ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார். தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. கேட்டால், "ஊருக்குள்ளேதானே, ஐயா" என்கிறார். சுவருக்கு அது தெரியாது என்று தம்பி சொன்னது எனக்கு அப்போதெல்லாம் கேட்கிறது. எதிரே வரும் லாரிக்கும் தெரியாது, நாம் போவது ஜெபக் கூட்டத்துக்கு என்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "கர்த்தர் காப்பார் என்று விசுவாசிக்கிறோம். இவ்வளவு பயப்படுவது அவிசுவாசம் ஆகாதா?" இப்படிக் கேட்பவர்கள் அலட்சியக்காரர் அல்லர், அவர்களில் பலர் என்னைவிட அதிகமாக ஜெபிக்கிறவர்கள். அவர்களுக்கு நான் காட்டுவது உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தை. புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. கட்டாமல் விட்டு எவனாவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். இஸ்ரவேலைப் பாதுகாப்பேன் என்று வாக்களித்த அதே தேவன்தான் சுவர் கட்டச் சொன்னார். வாக்குத்தத்தம் இருக்கிறதே, சுவர் எதற்கு என்று எவனும் சொல்லும்படி அவர் விடவில்லை. தேவாலயத்து உப்பரிகையில் நின்ற நம் ஆண்டவரிடம் பிசாசு காட்டியதும் காக்கும் வாக்குத்தத்தத்தையே அல்லவா? ஆண்டவர் அதற்கு இணங்கிக் குதிக்கவில்லை.

அந்தக் கட்டளையில் நான் மிகவும் மதிப்பது இதை: கைப்பிடிச்சுவர் வீட்டுக்காரனுக்காக மட்டும் கட்டப்படுவதன்று. அவன் தன் மாடியின் விளிம்பை நன்றாக அறிவான். விருந்தாளிக்கும் பிள்ளைகளுக்கும்தான் அது மிகவும் தேவை. மடியிலிருக்கும் குழந்தை விசுவாசத்தினால் அங்கே அமரவில்லை. நாம் அமர்த்தியதால் அமர்ந்திருக்கிறது. என் உயிரைப் பற்றி நான் என்ன விசுவாசம் வைத்தாலும், பிறர் பிள்ளையின் கழுத்தை அதன்மேல் பணயம் வைக்க எனக்கு அதிகாரம் ஏது?

உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்லவேண்டும். வேகத்துக்காக மனிதர் சாவது எனக்கு உடன்பாடன்று. என் மகன் பெரியவனாகி ஓட்டுநராகப் போகிறேன் என்றால் நான் முழங்காலில் நின்று தடுக்கப் பார்ப்பேன். ஆனாலும் அந்த ஒரு பிற்பகல் காட்டியதை என் ஐம்பது பிரசங்கங்கள் காட்டியிருக்க முடியாது. அபாயத்தை நன்கறிந்த மனிதர் எவ்வளவு பொறுமையாக ஒரு வாரைப் பூட்டுகிறார் என்பதைப் பிள்ளைகள் கண்டார்கள். அபாயத்தை மறந்துபோன நாமோ காரில் ஏறும்போதே இயந்திரத்தை முடுக்கிவிடுகிறோம். அன்று வீடு திரும்பும் வழியில் எரிபொருள் நிரப்ப நிறுத்தி மறுபடி ஏறியபோது, என் மகள் தன் வாரை மாட்டிக்கொண்டு, தம்பியின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்து, "இப்போது போகலாம்" என்றாள்.

காப்புகள் எல்லாம் இருந்தால் துக்கம் வராது என்று நான் சொல்லமாட்டேன். பெட்டி குடும்பத்தார் தங்கள் துக்கத்தை என்ன செய்தார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கடும் நோயுற்ற பிள்ளைகளுக்கென ஒரு முகாம் அமைக்கவேண்டும் என்பது ஆடமின் விருப்பமாயிருந்தது. அவர் மரித்தபின் பெற்றோர் அதைக் கட்டி முடித்தனர். விக்டரி ஜங்ஷன் என்ற பெயரில் 2004இல் ராண்டில்மன் ஊரில் அது திறக்கப்பட்டது. அங்கு வரும் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. நம் வாலிபர் ஐக்கியத்தார் இவ்வாண்டு தொண்டு செய்ய ஓர் இடம் தேடுகிறார்கள். அவர்கள் இதைக் கருதலாம்.

இனி நடைமுறைக் காரியங்கள். வரும் ஞாயிறு முதல் ஆராதனைக்குப் பின் மூப்பர்கள் இருவர் வாகன நிறுத்துமிடத்தில் நிற்பார்கள். குறைசொல்ல நிற்கவில்லை, யாருடைய காரில் இடம் இருக்கிறது, எந்தப் பிள்ளை எந்த இருக்கையில் போகிறது என்பதை ஒழுங்கு செய்ய நிற்கிறார்கள். இதனால் விருந்துக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகலாம். சமைத்து வைத்திருக்கும் அக்காமார் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல நிலையிலுள்ள, விபத்தில் சிக்காத, காலாவதியாகாத குழந்தை இருக்கைகளைச் சபை அலுவலகத்தில் கொடுங்கள். விருந்தாளிகளாக வரும் குடும்பங்களுக்குப் பயன்படும். இருக்கையின் காலாவதித் தேதி அதன் அடிப்புறத்திலோ பின்புறத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளையின் அளவுக்கேற்ற தலைக்கவசத்தைப் பெட்டியில் முதலில் வையுங்கள். மற்ற சாமான்களைப் பிறகு அடுக்கலாம்.

பயிற்சி ஓட்டத்தைப் பார்க்க விரும்பும் குடும்பங்கள் தம்பியின் எண்ணை என்னிடம் கேட்டுப் பெறுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் காதுக் கவசம் கட்டாயம், பஞ்சு போதாது. வளைவுகளை ஒட்டிய கீழ்வரிசைகளைத் தவிர்த்து மேல்படிகளில் அமருங்கள். ரப்பர்த் துகள்கள் பறந்து வந்து கண்ணில் விழும். குடிக்கத் தண்ணீரும், உருட்டிப் பார்க்க ஒரு காகிதக் குவளையும் எடுத்துச் செல்லுங்கள்.